பச்சை நூல் கட்டிய குட்டி

நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் ஒரு வார்த்தையைச் சொல்லக் கூடாது. அப்படி ஒரு சட்டம் இருப்பதாக எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கல்யாணமான இரண்டாவது வாரம், சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டர் அலறியது. "காது செவிடாயிரும் போல" என்று சொல்லிக்கொண்டே மாமனாருக்கு ரசம் ஊற்றினேன். அவர் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார். ரசத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து நான் ஒரு கரண்டி ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். ரசம் நன்றாகத்தான் இருந்தது.

விஷயத்தை என் கணவர் பிறகுதான் சொன்னார். அவருடைய தங்கைக்கு எட்டு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கிறது. கன்னம் வீங்கினால் கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாமாவும் அத்தையின் சங்கிலியைக் கழற்றி மகள் கழுத்தில் போட்டுவிட்டு வயல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வீக்கம் வடிந்தது. கூடவே இடது காதும் போய்விட்டது. டாக்டரிடம் போயிருந்தால் அந்தக் காது பிழைத்திருக்குமா என்பது வேறு விஷயம். போகவில்லை என்பதுதான் மாமாவுக்குள் உட்கார்ந்துகொண்டது. அதிலிருந்து அந்த வீட்டில் அந்த வார்த்தை கிடையாது. அவள் கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் "பாப்பாவுக்குக் கவனம் பத்தாது" என்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். நான் போனபோது பாப்பாவுக்கு இருபத்திரண்டு வயது.

இது தொண்ணூறுகளின் நடுவில், கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்தில். அத்தை இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. என் கணவருக்குத் திருச்சியில் பேங்க் உத்தியோகம். சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கள் விடியக் கிளம்பிவிடுவார். நான் காரைக்குடியில் ஒரு வாத்தியார் வீட்டுப் பெண். டீச்சர் டிரெயினிங் முடித்து, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் கடிதம் வரக் காத்திருந்தவள். கடிதம் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு வெள்ளை நாய் என்னைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டது.

மாமா ராஜபாளையம் நாய் வளர்ப்பவர். எங்கள் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கெல்லாம் அவரிடம்தான் குட்டி கேட்டு வருவார்கள். வெள்ளை என்றால் சுத்த வெள்ளை, மூக்கு ரோஸ் நிறம், அதுதான் அவருக்கு அழகு. காது ஓரத்தில் ஒரு பழுப்புப் புள்ளி இருந்தால் போதும், அந்தக் குட்டியை இனத்தில் சேர்க்க மாட்டார். ஆட்டுக்கிடைக்காரர் யாருக்காவது கொடுத்துவிடுவார். நான் வந்த வருடம் வீட்டில் ஒரே ஒரு பெட்டை நாய்தான். சினையானதும் அதற்கு என்ன தோன்றியதோ, என்னைத் தவிர வேறு யாரும் பக்கத்தில் போனால் பல்லைக் காட்டியது. மாமாவையே உறுமியது. அவருக்கு அதில் வருத்தம். எனக்கோ பெரிய பெருமை. அந்தப் பெருமை என்னைத் தொழுவத்துப் பக்கத்து அறைக்குள் இரண்டு மாதம் பூட்டி வைக்கும் என்று அப்போது தெரியவில்லை.

ஒரு மத்தியான வேளையில் ஏழு குட்டி போட்டது. ஒன்று பிறக்கும்போதே மூச்சில்லை. மற்ற ஆறுக்கும் தொப்புள் கொடியை நூலால் கட்டி, வெட்டி, டிஞ்சர் வைத்தேன். மாமா வாசலில் நின்றபடி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். "மூக்கைத் தொடைச்சு விடு தாயி. துணிய வச்சு முதுகைத் தேயி. கத்துதா? கத்துனாப் போதும்." ஆறும் பால் வெள்ளை. எது எதுவென்று தெரியாது என்பதால் தையல் பெட்டியிலிருந்து ஆறு நிறத்தில் நூல் எடுத்து ஆளுக்கொன்றாகக் கழுத்தில் தளர்வாகக் கட்டினேன். சிவப்பு, மஞ்சள், ஊதா, கறுப்பு, நீலம், பச்சை. கழுத்து பெருக்கப் பெருக்க நூலை மாற்ற வேண்டும், மறந்தால் இறுக்கிவிடும்.

அதற்குப் பிறகு என் நாள் என்னுடையதாக இல்லை. காலையும் மாலையும் சமையலறைத் தராசில் ஒவ்வொரு குட்டியையும் வைத்து எடை பார்த்து நோட்டில் எழுதுவேன். எடை ஏறாத குட்டியைப் பால் அதிகம் வரும் பின்காம்பில் பிடித்து வைக்க வேண்டும். மேலே நாற்பது வாட்ஸ் பல்பு. கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். குட்டி நகம் தாயின் மடியைக் கீறாமல் வாரம் ஒருமுறை நகம் வெட்ட வேண்டும். சாக்கை மாற்ற வேண்டும், துவைக்க வேண்டும், காய வைக்க வேண்டும். நான் அறையை விட்டு ஒரு மணி நேரம் தள்ளியிருந்தால் தாய் ஊளையிடும். காரைக்குடியில் என் சித்தி மகளுக்கு வளைகாப்பு. நான் போகவில்லை. "நாயிக்குப் பிள்ளைப்பேறு பாக்குறவ, பொறந்த வீட்டுக்கு எப்படி வருவா" என்று அம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரிடம் காட்டுவது? ஆறு குட்டியும் கண்ணே திறக்காமல் என் மடியில் கிடந்தன.

பத்தாவது நாள் தாய்க்கு மடி கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. திருப்பத்தூர் கால்நடை ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டு போனோம். அங்கே இருந்த டாக்டர் வயதில் சின்னவர், வெளியூர்க்காரர். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதிப் பாத்ததில்லம்மா. இன்னொண்ணும் எழுதிக்கங்க. முழு வெள்ளைக் குட்டிக்குக் காதை அவசியம் சோதிக்கணும். உள்காதுல நிறம் கொஞ்சம் இருந்தாத்தான் அது வேலை செய்யும். நாலு வாரம் ஆகட்டும். ஒவ்வொண்ணாத் தனியா உக்கார வச்சு, அதோட கண்ணுக்குப் படாம, முதுகுக்குப் பின்னாடி ஒரு தட்டைத் தட்டுங்க. கூட்டமா வச்சா கேக்காத குட்டியும் மத்தது ஓடுறதப் பாத்து ஓடும். நாம ஏமாந்துருவோம்."

நான் அதையும் எழுதிக்கொண்டேன். மாமா கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. வேன்காரரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

நாலாவது வாரம் மாமா வயலுக்குப் போன நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு குட்டியாகத் தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டு போனேன். ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு கரண்டி. சிவப்பு துள்ளித் திரும்பியது. மஞ்சள் ஓடியே போனது. ஊதா, கறுப்பு, நீலம் எல்லாம் காதைத் தூக்கின. பச்சை நூல் குட்டி மட்டும் ஒரு எறும்பை மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. மறுபடி தட்டினேன். பலமாகத் தட்டினேன். எறும்பு போன வழியை அது பார்த்துக்கொண்டே இருந்தது. நான் முன்னால் வந்து நின்றதும் என்னைக் கண்டு சந்தோஷமாக வாலை ஆட்டியது. ஆறிலும் அதுதான் கொழுகொழுவென்று இருக்கும், அதுதான் எனக்குச் செல்லம்.

நோட்டைத் திறந்தேன். என்னவென்று எழுதுவது? அந்த ஒரு வார்த்தையைத்தான் எழுத வேண்டும். கூடத்து மேசை மேல் கிடக்கும் நோட்டு அது. பாப்பா தினமும் எடுத்து எடையைக் கூட்டிப் பார்ப்பாள். 'பச்சை - பிறகு பார்க்கணும்' என்று எழுதி மூடி வைத்தேன். அன்று ஆரம்பித்தது என் கோழைத்தனம்.

அப்போதுதான் பாப்பாவுக்கு மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. நெற்குப்பைப் பக்கம், நிலபுலன் உள்ள குடும்பம். மாப்பிள்ளைக்கு ஸ்கூலில் கிளார்க் வேலை. அவர்கள் வீடு பஸ் போகும் ரோட்டின் மேலேயே இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று மாமா சாமர்த்தியமாக அவர்களைப் பாப்பாவின் வலது பக்கமாக நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நாற்காலிகளைத் தூக்கிப் போட்டவள் நான்தான். பிறகு கல்யாணத்தை மாதா கோயில் திருவிழா முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று பேசினார்கள்.

திருவிழா அன்று சம்பந்தி வீட்டார் பூசைக்கு வந்து, எங்கள் வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்தார்கள். குட்டிகளை முற்றத்தில் விட்டிருந்தோம். திடீரென்று கோயில் பக்கம் வேட்டுப் போட்டார்கள். ஓடு அதிர்ந்தது. ஐந்து குட்டி வாலைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடின. பச்சை நூல் மட்டும் மணல் குவியலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வேட்டு. அது ஒரு காலை நீட்டிச் சோம்பல் முறித்தது.

மாப்பிள்ளையின் அப்பா எச்சில் கையோடு எழுந்து வந்துவிட்டார். "யாத்தே! சம்பந்தி, இங்குட்டு வந்து பாருங்க. வேட்டுக்கே அசையலையே! இதுல்ல குட்டி!"

"நம்ம வளப்பு அப்படி" என்றார் மாமா.

"இதை எனக்குக் குடுத்துருங்க. ரோட்டு மேல வீடு, லாரி ஆரன் அடிச்சே உசிர வாங்குறான். இந்த மாதிரி நெஞ்சுரம் உள்ளதுதான் எனக்கு வேணும். பின்னாடி இதையே இனத்துக்கும் வச்சுக்கிறேன்."

"எடுத்துக்கங்க. உங்களுக்குன்னே பொறந்தது" என்றார் மாமா. விருந்தில் இருந்த எல்லோரும் அந்தக் குட்டியைத் தூக்கிக் கொஞ்சினார்கள். அதற்குத் தலைகால் புரியாத குதூகலம். நான் கையில் பாயாசச் சட்டியோடு நின்றேன். இரண்டு நாள் முன்னாடி வாயைத் திறந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. இப்போது அது சம்பந்தி வீட்டுக் குட்டியாகிவிட்டது.

கணவர் அந்த வாரம் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டையைக் கூடக் கழற்றவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயா அப்பாட்ட எதும் சொல்லாத. பாப்பா கல்யாணம் முடியட்டும்."

"கல்யாணம் முடியுறதுக்குள்ள குட்டி ரோட்டுல அடிபட்டுச் செத்துருமே?"

"செத்தா இன்னொரு குட்டி குடுப்போம். பாப்பாவுக்கு இன்னொரு மாப்பிள்ளைக்கு நான் எங்க போவேன்?"

அவர் கெட்டவர் இல்லை. தங்கை மேல் உயிரையே வைத்திருந்தவர். அதனால்தான் எனக்கு மேற்கொண்டு பேச வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார், கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய ஓலையில் முதல் ஓலையை வாசித்தார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். எத்தனையோ பேருக்கு வாசித்துக் கேட்ட ஓலைதான். அன்று 'தெரிந்தவர்கள்' என்றபோது எனக்கு முதுகு வியர்த்தது. காது கேட்காதது திருச்சபைச் சட்டப்படி ஒரு தடையே இல்லை, நாய்க்குக் காது கேட்காதது அறவே தடை இல்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன். பக்கத்தில் பாப்பா தலையைச் சற்றே சாய்த்து, வலது காதைப் பீடத்தின் பக்கம் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தைந்தாவது நாள் முதல் தடுப்பூசி. ஆறு குட்டியையும் இரண்டு பெரிய கூடையில் வைத்து, தாயையும் ஏற்றிக்கொண்டு திருப்பத்தூர் போனோம். மாமாவுக்கு அன்று முட்டுவலி; பாப்பாதான் துணைக்கு வந்தாள். டாக்டர் பச்சை நூல் குட்டியின் பின்னால் சாவிக்கொத்தை ஆட்டினார். பெஞ்சைத் தொடாமல், காற்றுப் படாமல், இரண்டு பக்கமும் ஆட்டினார்.

"இதுக்குச் சுத்தமாக் கேக்காதும்மா. ரோட்டுப் பக்கம் உள்ள வீட்டுக்குக் குடுத்துராதீங்க, ஒரு மாசம் தாங்காது. கைச் சாடையில பழக்கி, சுத்துச் சுவர் உள்ள இடத்துல வச்சா நல்லா இருக்கும். எங்க குடுக்கப் போறீங்க?"

நான் குட்டியை எடுத்துக் கூடைக்குள் விட்டேன். அவர் அடுத்துத் தாயைச் சோதித்தார். இடது பக்கம் ஆட்டினால் அது வலது பக்கம் திரும்பித் தேடியது. மூன்று முறையும் அப்படியே.

"பாத்தீங்களா? தாய்க்கு ஒரு காது இல்ல. பாக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது, அதான் ஆபத்து. மறைஞ்சே இருந்து குட்டிக்கு வந்துருது. ஒரு காது போன பெட்டையை இணை சேக்கவே கூடாது. கருப்பையை எடுத்துருங்க."

பழக்க தோஷம், நானும் மாணவி மாதிரி அதை அப்படியே நோட்டில் எழுதினேன். 'ஒரு காது போன பெட்டையை இணை சேர்க்கக் கூடாது.' முற்றுப்புள்ளி வைத்தபிறகுதான் எனக்கு உறைத்தது. பாப்பா கூடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவள் டாக்டருக்கு எந்தக் காதைக் காட்டி நிற்கிறாள் என்று பார்த்தேன். இடது காது. கேட்டிருக்காது என்று ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதைப் போல ஒரு கேவலமான நிம்மதியை நான் வாழ்நாளில் அடைந்ததில்லை.

டாக்டர் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு அட்டை எழுதினார். பச்சை நூல் குட்டியின் அட்டை வந்ததும் நான் தாழ்ந்த குரலில், "காது விஷயம் இதுல வேண்டாம் சார்" என்றேன்.

"ஏன்?"

"வீட்டுல ஒரு கல்யாணம்."

நாய் அட்டைக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு எப்படிப் புரியும்? முகம் சுருங்கிவிட்டது. "டீச்சருக்குப் படிச்சவங்கன்னு சொன்னீங்க" என்று மட்டும் சொன்னார். தடுப்பூசி போட்ட விவரத்தை எழுதினார். ஆரோக்கியமான குட்டி என்று மற்ற ஐந்து அட்டையிலும் எழுதிய வரியை இதில் எழுதாமல் என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் அந்த வரியை மை கொட்டினாற்போல அடித்தேன். ஆனால் பாப்பா மறுநாள் நோட்டை எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், இனிமேல் தாங்காது என்று மாமாவிடமே போனேன். மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்தப் பச்சை நூல் குட்டி..."

"தெரியும் தாயி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இருவது வருசமா நாயி வளக்கிறேன். எனக்குத் தெரியாதா? கண்ணைத் தொறந்த மூணாவது வாரமே தெரியும். இதுக்கு முன்னாடியும் ரெண்டு மூணு வந்துருக்கு. தோட்டத்துலயே வச்சுக்கிருவேன், வெளிய விட்டதில்ல." புல்லை உதறினார். "அவுக வேட்டுச் சத்தத்துல வந்து கேட்டுப்புட்டாக. எல்லாரும் இருக்கும்போது நான் என்னத்தச் சொல்ல? இந்த வீட்டுல காதுன்னு ஒரு பேச்சை எடுத்தா அது எங்க போயி நிக்கும்னு நீயே சொல்லு."

"பாப்பா விசயத்தையும் அவுகளுக்குச் சொல்லிட்டா என்ன மாமா?"

அவர் என்னை அதட்டியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவர் அதட்டவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒம் புள்ளையா நெனச்சுக்க தாயி. கல்யாணம் மட்டும் முடியட்டும்" என்றார். பெரிய மனுஷர், மருமகளிடம் கெஞ்சுகிறார். நான் தலையாட்டிவிட்டு வந்து குட்டிகள் இருக்கும் அறையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இனி டாக்டரிடமும் போக முடியாது, கணவரிடமும் முடியாது, மாமாவிடமும் முடியாது. பாவசங்கீர்த்தனம் செய்யலாமா என்று கூட யோசித்தேன். என் பாவம் எது என்று கேட்டால் என்ன சொல்வது? பச்சை நூல் என் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, குட்டியைக் கொண்டு போகச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா மூன்று பேரும். மாமா புதுக் கயிறு வாங்கி மஞ்சள் தடவி வைத்திருந்தார். என் கணவர் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தார். நான் குட்டியைக் குளிப்பாட்டித் துடைத்துத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். கையில் அட்டை. மாப்பிள்ளையின் அப்பா அதை வாங்கிப் பார்த்தார்.

"ஊசியெல்லாம் போட்டாச்சா? வேற ஒரு கொறையும் இல்லைல?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மாமா தரையைப் பார்த்தார். கணவர் என்னைப் பார்த்தார். "டாக்டர் எல்லாம் பாத்துட்டாரு" என்றேன். பொய் இல்லை. அதுதான் அதிலுள்ள அயோக்கியத்தனம்.

பாப்பா காபித் தட்டோடு வந்தாள். டம்ளர்களைக் கொடுத்துவிட்டுத் தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையிலிருந்து குட்டியை வாங்கித் தரையில், எல்லோருக்கும் நடுவில் உட்கார வைத்தாள். அதன் முகம் மாப்பிள்ளை பக்கம் இருந்தது. பின்னால் போய் நின்று, காலி டம்ளரால் தட்டை ஓங்கி அடித்தாள். மாப்பிள்ளையின் அம்மா "ஏசுவே" என்று நெஞ்சில் கை வைத்தார். குட்டி மாப்பிள்ளையின் செருப்பைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் அடித்தாள்.

"இது தைரியத்துல அசையாம இருக்கல மாமா. இதுக்குக் காது கேக்காது" என்று மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு இடது காதின் மேல் விழுந்திருந்த முடியை ஒதுக்கினாள்.

"எனக்கு இந்தக் காது கேக்காது. இதுக்குப் பொறவியிலேயே கேக்காது. எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து போனது. எனக்குப் பொறக்கிற பிள்ளைக்கு வராது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போயி, மனுச டாக்டர்ட்ட கேட்டுட்டு வந்துட்டேன்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வரியை அடிப்பதற்கு முன்பே அவள் படித்திருக்கிறாள். இல்லை, அதற்கும் முன்னால், கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே கேட்டிருக்கிறாள். தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு அவள் ஒரு நாள் பஸ் ஏறிப் போனது ஞாபகம் வந்தது. ஒரு காது போன பெட்டை என்ற பேச்சைச் சுமந்துகொண்டு அந்தப் பெண் தன்னந்தனியாகப் போய் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

மாப்பிள்ளையின் அப்பா காபியைக் குடித்து முடித்தார். அட்டையை மடித்து மாமாவிடம் நீட்டினார். "போயிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார். மாப்பிள்ளை வாசலில் ஒரு நிமிஷம் நின்று திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவருடைய அம்மா கூப்பிட்டதும் போய்விட்டார்.

அவர்கள் சொல்லி அனுப்பவில்லை. மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. கோயிலில் எல்லோரும் எங்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா அதற்குப் பிறகு அந்தப் பெட்டையை இணை சேர்க்கவில்லை. அடுத்த மாதம் அவரே திருப்பத்தூர் கொண்டு போய் அதற்கு ஆபரேஷன் செய்து, பத்து நாள் தன் கையால் மருந்து கட்டினார். மற்ற ஐந்து குட்டியும் நல்ல இடங்களுக்குப் போயின. பச்சை நூலைப் பாப்பா வைத்துக்கொண்டாள். கையைத் தூக்கினால் உட்காரவும், விரித்தால் வரவும் பழக்கினாள். ஆனால் மகளைக் காது டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போக மாமாவுக்கு அப்போதும் தோன்றவில்லை. எங்கள் யாருக்குமே தோன்றவில்லை.

அவர்கள் போன அந்தச் சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும். மாமா வயலுக்குப் போய்விட்டார். கணவர் கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அடுப்படியில் பாப்பாவின் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன் பாப்பா. உனக்காகத்தான் பயந்தேன்."

"தெரியும் மதினி. நோட்டுல பச்சைக்குப் 'பிறகு பார்க்கணும்'னு எழுதுன நாள்லருந்து, நீங்க சொல்லுவீக, சொல்லுவீகன்னு ஒரு மாசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"என்னைய மன்னிச்சுக்க."

அவள் கேப்பை மாவைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "நீங்க நல்லவுகதான். அப்பாவும் நல்லவுக. அண்ணனும் நல்லவுக. நல்லவுக எல்லாருமாச் சேந்துதான் என்னைய இத்தன வருசமாச் செவிடியா வச்சிருந்தீக. எனக்கு ஒரு காது நல்லாக் கேக்கும் மதினி."

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அவள் அழவில்லை. கரைத்த மாவை அடுப்பில் ஏற்றி, குட்டிகளுக்குக் கூழ் கிண்ட ஆரம்பித்தாள்.